சட்டக் கல்லூரி ராக்கெட்

காலை பத்தேகால் மணிக்கு ஐகோர்ட்டுக்குள் வண்டி நிறுத்த இடம் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? பத்தரைக்கு கோர்ட் உட்கார்ந்துவிடும். என் கேஸ் மூன்றாவது ஐட்டம். தோளில் கவுன், கால் வைக்கும் இடத்தில் கேஸ் கட்டு. இரண்டு கார்களுக்கு நடுவில் ஒண்ணரை அடி சந்து தெரிந்தாலே சொர்க்கவாசல் திறந்த மாதிரி இருக்கும். ஸ்கூட்டியை நுழைத்து ஸ்டாண்ட் போடுவதற்குள், "மேடம், இங்க போடாதீங்க, எடுங்க" என்று குரல் வரும். இருபது வருஷமாக என் காலைகள் இப்படித்தான் விடிகின்றன.

அதனால்தான், 2023 ஜூன் மாதம் பார் ரூமில் அந்தச் செய்தி வந்தபோது முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் அடுக்குமாடி பார்க்கிங் வரப்போகிறதாம். குறுக்கே நிற்கும் ஏதோ வெள்ளைக்காரக் கல்லறையை நான்கு வாரத்துக்குள் வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லித் தொல்லியல் துறைக்கு உத்தரவாகியிருக்கிறதாம். "எடுக்கட்டுமே, யாருக்கு வேணும் அது" என்று சமோசாவைக் கடித்துக்கொண்டே சொன்னேன். பாதி சமோசா போன பிறகுதான் உறைத்தது. சட்டக் கல்லூரியில் கல்லறையா? எது, நம் ராக்கெட்டா?

நான் அந்தக் கல்லூரியில் ஐந்து வருஷம் படித்தவள். 1995இல் சேர்ந்தேன். முன்னால் சிவப்புச் செங்கல்லில் அரண்மனை மாதிரி 1899ஆம் வருஷத்துக் கட்டடம். அதே வளாகத்துக்குள்தான் ராக்கெட். அடியில் சதுரமாக ஒரு சின்ன மண்டபம், அதன்மேல் கூம்பாக நீண்டு உயர்ந்துபோகும் கோபுரம். தூரத்திலிருந்து பார்த்தால் ஏவுவதற்கு நிறுத்தி வைத்த ராக்கெட் மாதிரி இருக்கும் என்பதால் எங்கள் செட்டில் அதற்கு அந்தப் பேர். "ரெண்டு மணிக்கு ராக்கெட்கிட்ட வந்துடு" என்றால் யாரும் வழி கேட்க மாட்டார்கள். டப்பாவில் கொண்டுபோன தயிர் சாதத்தை அதன் நிழலில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். சாட்சியச் சட்டத்தை ஒப்பித்ததும் அங்கேதான். ஒரு பையன் என்னிடம் லெட்டர் நீட்டியதும் அங்கேதான் (வாங்கவில்லை, எழுத்துப்பிழை அதிகம்). அது ஒரு சமாதி என்று பொதுவாகத் தெரியும். யாருடைய சமாதி என்று ஐந்து வருஷத்தில் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1997இல் ஒரு மத்தியானம் நானும் என் தோழியும் சைக்கிள் சாவியால் அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் எங்கள் இரண்டு பேரின் முதலெழுத்துகளையும் வருஷத்தையும் கீறினோம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் 1958ஆம் வருஷச் சட்டப்படி அன்றைக்கு மூன்று மாதம் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம். 2010இல் அதை இரண்டு வருஷம், ஒரு லட்சம் என்று ஏற்றிவிட்டார்கள். எங்கள் குற்றம் பழைய சட்டக் காலத்தது. ஒரு வருஷத்துக்கு மேற்படாத தண்டனை உள்ள குற்றத்துக்கு ஒரு வருஷத்துக்குள் வழக்கை எடுத்திருக்க வேண்டும். 1998இலேயே காலாவதி. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். தோழி இப்போது தென்மாவட்டத்தில் மாஜிஸ்திரேட். பேர் சொல்லமாட்டேன்.

சரி, அந்த வாரம்தான் உட்கார்ந்து படித்தேன், ராக்கெட்டுக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று. எனக்குத் தொழில் சிவில் பக்கம். பாகப்பிரிவினை, உயில், வாரிசு என்று வருஷம் முழுக்க அடுத்த வீட்டுக் குடும்பக் கதைகளிலேயே உழல்பவள். இந்தக் குடும்பம் என் சேம்பருக்கு வந்திருந்தால் இரண்டு நாற்காலி கூடப் போட்டு உட்காரவைத்துக் கேட்டிருப்பேன்.

ஜோசப் ஹின்மர்ஸ் என்று ஒருவர். புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி சபையில் கவர்னருக்கு அடுத்த இடம். 1680 மே மாதம் இறந்தார். அவர் மனைவி கேத்தரின். அந்த வருஷம் அக்டோபர் 28ஆம் தேதி கோட்டைக்குள் புனித மேரி தேவாலயம் திறக்கப்படுகிறது. சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 4ஆம் தேதி, அந்தக் கோயிலின் திருமணப் பதிவேட்டில் முதல் கல்யாணம் பதிவாகிறது. மணப்பெண் கேத்தரின். மாப்பிள்ளை, கம்பெனியில் எழுத்தராக வந்து மேலே ஏறிக்கொண்டிருந்த எலிஹு யேல். கணவர் இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கப்பல் ஒரு வழி போகவே ஏறக்குறைய ஆறு மாதம் எடுத்த காலத்தில், கணவர் இறந்த செய்தி இங்கிலாந்து போய்ச் சேருவதற்கும் இங்கே மறுமணம் நடப்பதற்கும் ஏறக்குறைய சரியாக இருந்திருக்கும். புறம்பேச அங்கே இருந்தவர்களுக்கு அவகாசமே கொடுக்கவில்லை அந்த அம்மா. எனக்குப் பிடித்துவிட்டது அவரை.

யேலுக்கும் கேத்தரினுக்கும் பிறந்தவன் டேவிட். தாத்தாவின் பேர். 1687 ஜூலையில் யேல் கோட்டைக்குத் தலைவராகிறார். அடுத்த ஜனவரியில் பிள்ளை போய்விட்டான். நான்கு வயது நிரம்பவில்லை. அவனைக் கொண்டுபோய் அடக்கம் செய்த இடம், அம்மாவின் முதல் கணவருடைய கல்லறை. ராக்கெட்டுக்குக் கீழே ஹின்மர்ஸும், ஹின்மர்ஸுக்கு எந்த உறவும் இல்லாத அந்தப் பிள்ளையும் சேர்ந்து கிடக்கிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள ஒரே கண்ணி கேத்தரின். ஆனால் அவருக்கு அந்த இடத்தில் பங்கு இல்லை. சில வருஷத்தில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். பின்னாளில் யேல் தன் உயிலில் "என் பொல்லாத மனைவிக்கு" என்று தொடங்கி, என்ன கொடுப்பது என்ற இடத்தை அப்படியே காலியாக விட்டாராம். அப்படி ஒரு கதை உண்டு. என் கட்சிக்காரர்களிடமும் இதே மாதிரி உயில்கள் உண்டு, என்ன, காலி இடத்தில் ஒரு ரூபாய் என்று எழுதியிருப்பார்கள்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அந்த யேல்தான் இவர். கவர்னர் பதவியிலிருந்து ஊழல் புகார்களோடு 1692இல் இறக்கப்பட்டு, சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பி, 1718இல் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு 417 புத்தகங்களும், ஜார்ஜ் மன்னர் படமும், ஒன்பது மூட்டைச் சரக்கும் அனுப்பினார். மூட்டைகளை விற்ற காசில் கல்லூரி எழும்பியது, பேரும் வைத்தார்கள். உலகத்தில் பேர் வைக்கும் உரிமை இவ்வளவு மலிவாக வேறு யாருக்கும் கிடைத்திருக்காது. அந்தப் பணம் எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வைரம், துணி, இவற்றோடு ஆள் வியாபாரமும். 1680களில் இந்தக் கடற்கரையிலிருந்து நம் ஆட்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அதற்கு உத்தரவு போட்ட சபையில் யேலும் உட்கார்ந்திருந்தார். அப்படிக் கப்பலேறியவர்களிலும் பிள்ளைகள் இருந்தார்கள். டேவிட்டுக்காக மனசு இளகும்போதெல்லாம் எனக்கு இது குறுக்கே வந்து நிற்கிறது. நிற்கட்டும்.

கல்லறை அங்கே தனியாக நிற்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அது முழுக்க ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களின் இடுகாடு. கொய்யாத் தோட்டம் என்று பேர். (இன்றும் ஐகோர்ட் மதில் ஓரம் கொய்யாவைப் பிளந்து மிளகாய்ப்பொடி தடவி விற்கிறார்கள். எந்தச் சம்பந்தமும் கிடையாது, ஆனாலும் இனி வாங்கும்போது நினைப்பு வரும்.) 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையை முற்றுகையிட்டார். இரண்டு மாதம் குண்டு பறந்தது. பெரிய பெரிய கல்லறைகளின் மறைவில் இருந்துகொண்டு பிரெஞ்சுக்காரர்கள் சுட்டார்கள். 1759 பிப்ரவரியில் அவர்கள் போன பிறகு கம்பெனி ஒரு முடிவெடுத்தது: இனிக் கோட்டைக்கு எதிரே எதிரிக்கு மறைவாக எதுவும் இருக்கக்கூடாது. இடுகாட்டைத் தரைமட்டமாக்கினார்கள். செத்துப்போன சொந்தக்காரர்களின் தலைமாட்டுக் கற்களையே பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

இரண்டே இரண்டைத்தான் விட்டுவைத்தார்கள். ஒன்று ராக்கெட். இன்னொன்று பவுனி என்ற குடும்பத்தின் நிலவறைக் கல்லறை, 1740இல் இறந்த கப்பல் கேப்டன் ஜான் பவுனியும் அவர் வீட்டு மனிதர்களும் இருப்பது. அதை நாங்கள் படித்த காலத்தில் கவனித்ததுகூட இல்லை. ஏன் இந்த இரண்டு? பின்னால் ஆள் இருந்த குடும்பங்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆக்கிரமிப்பை அகற்றும்போது எந்த வீட்டுச் சுவர் மட்டும் தப்பிக்கும் என்று நம் எல்லாருக்கும் தெரியும்தானே.

கல்லறைகளுக்கு மட்டும் இந்தக் கதி என்று நினைக்காதீர்கள். இன்று ஐகோர்ட் நிற்கும் நிலம் பழைய கறுப்பர் பட்டணம். நெசவாளர்கள், துபாஷிகள், வியாபாரிகள் என்று நம் ஜனங்கள் குடியிருந்த தெருக்கள். அங்கேயிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலை 1757இல் இடித்தார்கள். மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முயற்சியில்தான் பெருமாளுக்குத் தேவராஜ முதலி தெருவில் மாற்று இடம் கிடைத்தது. மூக்குக்கண்ணாடி வாங்கப் போகும்போதெல்லாம் நான் கும்பிட்டுவிட்டு வருகிற அதே பெருமாள்தான். அப்புறம் வீடுகளும் போயின. பீரங்கி சுடுவதற்கு வெட்டவெளி வேண்டும், இந்த எல்லைக்குள் யாரும் கட்டக்கூடாது என்று 1773இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். ஒன்று இன்னமும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரம் நிற்கிறது.

கட்டக்கூடாது என்ற அந்த வார்த்தையில் என் வக்கீல் மூளை மாட்டிக்கொண்டது. இன்றைய சிக்கலும் அதேதான். 2010 திருத்தத்துக்குப் பிறகு, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் எழுப்ப முடியாது. அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். ராக்கெட் இருக்கும்வரை அதைச் சுற்றி அடுக்குமாடி எழும்பாது. 250 வருஷத்துக்கு முன்பு உயிரோடு இருந்தவர்களின் வீடுகளை எடுத்துவிட்டு இங்கே கட்டாதே என்றார்கள். இப்போது செத்துப்போனவர்களை எடுத்தால் இங்கே கட்டலாம் என்கிறார்கள். இந்த நிலத்துக்கு வில்லங்கச் சான்று போட்டால் எத்தனை பக்கம் வரும் என்று யோசித்துப் பார்த்தேன்.

என் நிலைமை என்ன? எனக்கு அந்தப் பார்க்கிங் வேண்டும். வயசு நாற்பத்தைந்து, முட்டி வலி, எஸ்பிளனேடு பக்கம் எங்கேயோ விட்டுவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை. அந்த இடத்தில் புராதன மதிப்பு ஏதும் இல்லை என்ற வாதத்தை முழுசாகப் படித்தேன். எதிர்ப்பக்கம் நின்றிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்றும் குறித்து வைத்தேன். இரண்டு பக்கமும் வக்காலத்து போட முடியாது என்பது தொழில் தர்மம். மனசுக்கு அந்தத் தர்மம் கிடையாது.

ஒரு சனிக்கிழமை, கோர்ட் இல்லாத நாளாகப் பார்த்து, ஒன்பதாவது படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். முதலில் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயம். யேல் தாலி கட்டிய இடம் என்று சொன்னேன். "தாலியா?" என்று முறைத்தாள். சரி, மோதிரம்.

கோயிலுக்குள் போவதற்கு முன்பே கால் நின்றுவிட்டது. வெளியே, மரநிழலில், கோயிலைச் சுற்றித் தரை முழுக்கக் கல் பாவியிருக்கிறார்கள். பெரிய பெரிய பலகைக் கற்கள். குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றிலும் எழுத்து. கொய்யாத் தோட்டத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த கற்கள் இவைதான். லத்தீன், ஆங்கிலம் என்று பாஷை மாறுகிறது. ஹைதர் அலி படை வந்த காலத்தில் இவற்றில் சிலதைக் கொத்தளத்தில் பீரங்கிக்கு அடியில்கூடப் போட்டார்களாம். எலிசபெத் பேக்கர் என்ற பெண்மணியின் கல்லும் இங்கே இருக்கிறது. 1652ஆம் வருஷத்தது, இந்தியாவில் இருக்கும் ஆங்கிலேயக் கல்லறைக் கற்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. மகள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். நான் சொல்லவில்லை. எங்கே கால் வைத்தாலும் யாரோ ஒருவர் பேர் மேல்தான் வைக்க வேண்டியிருந்தது. ஓரமாக ஒரு கல்லில் ஒரு வரி மட்டும் பாதி தேய்ந்து, எழுத்துக்குள் முதல்நாள் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. வெயில் பட்டபோது அந்த ஒரு வரி மட்டும் பளபளத்தது. மகள் விரலால் தடவிப் படித்துப் பார்த்தாள். வரவில்லை.

"இவங்க உடம்பெல்லாம் எங்கம்மா?"

"அங்கேயே இருக்கும். கல்லை மட்டும்தான் கொண்டுவந்தாங்க."

"அப்போ நீ வண்டி நிறுத்தற இடத்துலயா?"

பதில் சொல்லவில்லை.

அங்கிருந்து சட்டக் கல்லூரி. கல்லூரி இப்போது அங்கே இல்லை. 2018இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் பிரித்து அனுப்பிவிட்டார்கள். அதுவும் இடமாற்றம்தான், அதற்கும் அன்றைக்குப் பிள்ளைகள் போராடினார்கள். ஆள் இல்லாத வளாகத்தில் அணில்கள் மட்டும் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தன. தொல்லியல் துறையின் வழக்கமான நீலப் பலகைக்குப் பின்னால் ராக்கெட்.

என் ஞாபகத்தில் இருந்ததைவிடச் சின்னதாகத் தெரிந்தது. பூச்சு பல இடத்தில் சிப்பி சிப்பியாக உரிந்து, உள்ளே இருக்கும் செங்கல் எட்டிப் பார்க்கிறது. நம் இப்போதைய செங்கல் மாதிரி தடிமன் இல்லை. ஒல்லியாக, தட்டையாக, அதிரசம் அடுக்கிய மாதிரி. நடுவில் சுண்ணாம்புச் சாந்து. விரலை வைத்தால் மாவாக உதிர்ந்து நகக்கண்ணில் ஒட்டியது. கூம்பு தொடங்கும் மூலையில் ஒரு விரிசலில் அரசங்கன்று வேர் விட்டு, நாலு இலையோடு ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து மழைக்காலம் விட்டால் உத்தரவே வேண்டாம், அந்தக் கன்றே இடமாற்றம் செய்துவிடும்.

டேவிட்டைப் பற்றி மகளிடம் சொன்னேன். மூணரை வயசுப் பிள்ளை, அப்பா கவர்னர், பக்கத்தில் படுத்திருப்பது அம்மாவின் முதல் கணவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "தனியா விடக்கூடாதுன்னு தெரிஞ்ச ஆள் பக்கத்துல வெச்சிருப்பாங்க போல" என்றாள். ஒரு வாரமாக நான் வாரிசு அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அது தோன்றவில்லை.

அப்புறம் என் குற்றத்தைத் தேடினேன். தெற்குப் பக்கம், இடுப்பு உயரத்தில், வளைவுக்கு வலது பக்கம். இடம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த இடத்தில் பூச்சே இல்லை. ஒரு தாம்பாளம் அளவுக்குப் பெயர்ந்து விழுந்து செங்கல் தெரிகிறது. சுற்றி மற்ற பேட்ச்காரர்களின் கைங்கரியம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. இதயம், அம்பு, 2003. போட்டோ எடுத்து மாஜிஸ்திரேட் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அரை மணி கழித்துப் பதில் வந்தது: "தடயம் இல்லை. விடுதலை."

மகள் இதற்குள் ராக்கெட்டின் அடியிலிருந்து நீளமாக அடி எடுத்து வைத்து எண்ணிக்கொண்டே போய்க்கொண்டிருந்தாள். மதிலோரம் நான் வண்டி நிறுத்தியிருந்த வேப்பமரம் வரைக்கும் போய், திரும்பி நின்று கத்தினாள்.

"அறுபத்தெட்டும்மா! உன் ஸ்கூட்டி தடை செய்யப்பட்ட எல்லைக்குள்ள நிக்குது!"

"ஸ்கூட்டி கட்டடம் இல்லடி" என்றேன். சட்டப்படி அது சரிதான். ஆனாலும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.